மிளகாய் வியாபாரியின் எண்பத்தெட்டாம் நாள்

எண்பத்தேழு நாள் ஒரு சத்தியத்தைக் கட்டிக் காப்பாற்றிய மனிதனுக்கு எண்பத்தெட்டாம் நாள் ஒரு சந்தேகம் வரும். இந்தச் சத்தியத்தில் எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்காதா? இருக்கும். தேடுகிறவனுக்குக் கிடைக்கும். அபுந்தியோவுக்கு அது மலைப்பாதையில் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்போது மூக்கு வழியாகக் கிடைத்தது.

வண்டியின் பின்னால் ஒரு மூட்டை காய்ந்த மிளகாய் இருந்தது. வயது பத்தொன்பதான வண்டி. பின்கண்ணாடி பாதிதான் மூடும். மீதிப் பாதி வழியாக மிளகாய் வாசனை உள்ளே வந்து, மூன்று மணி நேரமாக அவருடைய பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

அபுந்தியோ, அத்லிஸ்கோ என்கிற ஊரின் சந்தையில் காய்ந்த மிளகாய் வியாபாரி. முப்பத்தோரு வருஷக் கடை. கண்ணைக் கட்டிவிட்டு மூக்குக்குக் கீழே ஒரு மிளகாயை நீட்டினால் போதும், அதன் பெயர், ஊர், எந்த மாதம் பறித்தது எல்லாம் சொல்லிவிடுவார். அதைச் சுமந்து வந்த கழுதைக்கு அன்றைக்கு மனசு சரியில்லை என்பதுகூடத் தனக்குத் தெரியும் என்பார். கழுதையை யாரும் விசாரித்ததில்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு வயிற்றில் புண். மூன்று மாதம் மிளகாயைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். டாக்டர் சொல்வது டாக்டருடைய அபிப்பிராயம், அது அவருக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அபுந்தியோவின் கட்சி. வீட்டில் "விட்டுட்டேன்" என்றார். கடையில் உட்கார்ந்து மென்றார். ஒரே வாரத்தில் பிடிபட்டார். மனைவி எர்லிந்தா அவர் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை முகர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான் விசாரணை.

எர்லிந்தா கத்தவில்லை. கத்துகிற மனைவியோடு எப்படியோ குடும்பம் நடத்திவிடலாம். இவள் ஞாயிற்றுக்கிழமைச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள்.

குடிகாரர்கள் மாதா முன்னால் மண்டியிட்டு, இத்தனை மாதம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வது அங்கே வழக்கம். அதற்கென்றே அச்சடித்த அட்டை உண்டு. மேலே மாதா படம், கீழே பெயர், நாள், 'மது' என்ற வார்த்தை. பாதிரியார் அட்டையை எடுத்தார். விஷயத்தைக் கேட்டார். பேனாவைக் கீழே வைத்தார்.

"மிளகாயா? இதுவரைக்கும் இப்படி யாரும் வந்ததில்ல. பேசாம குடிய விட்டுடேன்ப்பா, அதுக்குத்தான் அட்டை இருக்கு."

"நான் குடிக்கிறதில்ல சாமி."

"அப்ப கஷ்டம்தான்" என்று 'மது'வை அடித்துவிட்டு, மேலே 'மிளகாய்' என்று எழுதினார் பாதிரியார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அபுந்தியோ ஒரு கேள்வி கேட்டார். வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி.

"தெரியாம வாய்க்குள்ள போயிட்டா என்ன சாமி பண்றது?"

"தெரியாமத் தின்னது சேர்த்தியில்ல. மாதா பார்க்கிறது மனசைத்தான்."

எர்லிந்தாவும் ஒரு கேள்வி கேட்டாள்.

"தெரிஞ்சே தின்னுட்டா சாமி?"

"முதல் நாள்லேருந்து மறுபடியும் ஆரம்பிக்கணும்."

இருவருக்கும் திருப்தி. கையெழுத்தானது.

பிறகு எண்பத்தேழு நாள். அந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேகவைத்த பூசணி. வேகவைத்த கோழி. வேகவைத்த இன்னும் என்னென்னவோ. கடைக்கு வருகிறவர்கள் "இது காரமா இருக்குமா அபுந்தியோ ஐயா?" என்று கேட்டால், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் செருப்பு வியாபாரி. அவருடைய தீர்ப்பை அபுந்தியோ தன் வாயால் வாடிக்கையாளரிடம் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அவமானத்தில்தான். வேறு எதனாலும் வர வழியில்லை.

இன்று வியாழன். எண்பத்தெட்டாம் நாள். சனிக்கிழமையோடு தொண்ணூறு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை, ஒவாக்கா பக்கத்துக் கிராமத்தில் ஞானஸ்நானத்தில் அவர் தகப்பனாக நின்ற ஞானப்பிள்ளையின் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு மோலே என்கிற கருங்குழம்பு வைக்கிறார்கள். அண்டா அண்டாவாக வைப்பார்கள், மூன்று நாள் அரைப்பார்கள். அதற்கான மிளகாய்தான் பின்னால் மூட்டையில் இருந்தது. தன் கடையிலேயே முதல் தரமாகப் பொறுக்கி எடுத்துக் கட்டியது. ஞானத்தகப்பன் பந்தியின் முதல் மேஜையில் உட்கார்ந்து, முதல் தட்டைச் சாப்பிட்டு, தலையாட்ட வேண்டும். அவர் தலையாட்டினால்தான் ஊர் கைவைக்கும். எண்பத்தேழு நாளும் அவர் அந்த ஒரு தட்டை நினைத்துக்கொண்டுதான் பூசணிக்காயை விழுங்கினார்.

இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லிவிடலாம். மூன்று மணி நேரம் பிடரியில் வாசனையை வைத்துக்கொண்டு ஓட்டியவன்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

திருப்பத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை தெரிந்தது. 'தோமித்திலா வீட்டுச் சாப்பாடு' என்று சுவரில் நீல மையில் எழுதியிருந்தது. நான்கு மேஜை, பூப்போட்ட ரெக்சின் விரிப்பு, எரிவாயுக் கம்பெனி காலண்டர். வாசலில் ஒரு லாரி. வண்டி தானாகவே நின்றுவிட்டது என்று அபுந்தியோ பிற்பாடு சொன்னார்.

"இங்கயா?" என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த எர்லிந்தா.

"சுத்தமா இருக்கு பாரு."

"நீ இன்னும் உள்ளயே போகல கிழவா."

"சுத்தம்னா வாசல்லயே தெரிஞ்சுடும்."

கிழவா என்றது கோபத்தில் இல்லை. கல்யாணமான மறுநாளே, அவருக்கு இருபத்தைந்து வயதாக இருக்கும்போதே, அவள் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தாள். பெயருக்குத் தகுந்த வயது இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கடைக்காரி தோமித்திலா வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். மாவு பிசைந்து பிசைந்து உரமேறிய கைகள். இடுப்பில் கட்டம் போட்ட ஏப்ரன். ஐம்பத்தெட்டு வயது அபுந்தியோவைப் பார்த்து, அந்த நாட்டுக் கடைக்காரிகள் எல்லா ஆண்களையும் கூப்பிடுவது போலவே கூப்பிட்டாள்.

"வாங்க தம்பி. இன்னிக்கு நூடுல்ஸ் சூப், சோறு. அதுக்கு மேல மிளகாய்க் குழம்புல பன்றி விலா, இல்ல கோழி வேகவெச்ச தண்ணிச்சாறு. பின்னால பீன்ஸ். குடிக்கச் செம்பருத்தித் தண்ணி."

"எனக்கு விலா" என்றாள் எர்லிந்தா. "இவருக்குத் தண்ணிச்சாறு. கைகழுவற இடம் எங்க அக்கா?"

"திரைக்குப் பின்னால, அடுப்படியைத் தாண்டி."

எர்லிந்தா எழுந்து திரைக்குப் பின்னால் போனாள். அபுந்தியோ கதவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

"தோமித்திலாம்மா, ஒரு விஷயம். நான் மிளகாய் தின்னமாட்டேன்னு மாதா முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஐயோ பாவம்."

"தெரிஞ்சு தின்னாத்தான் குத்தம். தெரியாமத் தின்னா குத்தமில்ல. பாதிரியாரே சொல்லிட்டாரு. அதனால நான் உங்ககிட்ட மிளகாய் போட்டதைக் கொண்டு வாங்கன்னு கேக்கல. கேக்கவே மாட்டேன்."

"சரி, கேக்காதீங்க."

"நீங்களா பார்த்து, உங்களுக்கு எது நல்லதுன்னு தோணுதோ அதைக் கொண்டு வாங்க. செவப்பா இருந்தா பரவாயில்ல. என் வீட்டுக்காரி முன்னால நான் 'இது காரமா?'ன்னு கேப்பேன். நீங்க 'காரமே இல்ல'ன்னு சொல்லணும்."

"அதை நான் எல்லாருக்கும் சொல்றதுதானே தம்பி. போன வாரம் ஒருத்தருக்குச் சொன்னேன். அவர் இன்னும் இந்தப் பக்கம் வரல."

"அதேதான். அதே மாதிரி."

"அப்ப மிளகாய் போடவா, வேண்டாமா?"

"அதைத்தாம்மா எங்கிட்ட சொல்லாதீங்கங்கறேன்."

தோமித்திலா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அபுந்தியோவும் சிமிட்டினார். அவள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அபுந்தியோ நாற்காலியில் சாய்ந்தார். முப்பத்துமூன்று வருஷ இல்லறத்தில் முதல்முறையாகத் தான் எர்லிந்தாவை விட ஓர் அடி முன்னால் நடப்பது போல அவருக்கு இருந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் உலகம் நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே ஒரு குழந்தை அழுதது, பிறகு நின்றது. எர்லிந்தா கைகழுவி முடித்து வர நேரமானது.

"கையத்தானே கழுவப் போன?"

"உள்ள பச்சைக் குழந்தை. அந்தம்மாவோட பொண்ணு பெத்தது. பதினெட்டு நாள்தான் ஆகுது. மூக்கு கொள்ளையழகு. பார்த்துட்டு வந்தேன்."

"சரி சரி" என்றார் அபுந்தியோ. அவருக்கு மூக்கைப் பற்றிய வேறு கவலை இருந்தது.

சூப் வந்தது, போனது. சோறு வந்தது. பிறகு தோமித்திலா இரண்டு தட்டோடு வந்தாள். எர்லிந்தாவுக்கு விலா. அபுந்தியோவுக்குக் கோழி. ஆனால் தண்ணிச்சாற்றில் இல்லை. கெட்டியான, செக்கச்செவேலென்ற ஒரு குழம்பில் கோழித் தொடை பாதி மூழ்கிக் கிடந்தது. மேலே எள் தூவியிருந்தது.

அபுந்தியோ முகத்தில் திகைப்பை வரவழைத்தார். நடிப்பு அவருக்கு வராது. புருவம் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் நின்றன.

"தண்ணிச்சாறுதானே கேட்டோம்?"

"தீர்ந்துடுச்சு தம்பி."

"இது... காரமா?"

"காரமே இல்ல."

எர்லிந்தா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நிச்சயமா அக்கா? இவருக்கு ஆகாது."

"பிள்ளைக்குப் பால் குடுக்கறவளே சாப்பிடலாம்மா. அவ்வளவு பத்தியம்."

அபுந்தியோவுக்கு மெய்சிலிர்த்தது. முகம் மாறாமல், கை நடுங்காமல், கேட்காத ஒரு விவரத்தையும் சேர்த்து எப்படிச் சொல்கிறாள் பார். இவளைச் சந்தையில் கடை போட வைத்தால் மூன்றே மாதத்தில் தன் கடையை மூட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்ப சாப்பிடு" என்றாள் எர்லிந்தா.

சோள ரொட்டியைக் கிழித்தார். குழம்பில் தோய்த்தார். வாயில் வைத்தார். கண் மூடிக்கொண்டது.

எண்பத்தெட்டு நாள். நாக்கு தன் சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தது. இதோ அந்தச் சூடு. அதோ அடியில் ஒரு கிறுகிறுப்பு. நெற்றியில் வேர்த்தது. அடுப்படி மூன்றடி தள்ளித்தான் இருந்தது, ஆனாலும் அவர் அந்த வேர்வையை மிளகாய்க் கணக்கில்தான் எழுதினார். மூக்கில் தண்ணீர் வந்தது. கண்ணிலும் வந்தது.

"என்னய்யா, அழறியா?"

"தக்காளி புளிப்பு."

"தக்காளியா அது?"

"வேற என்ன. தக்காளி."

இதற்குள் வாசலில் நின்ற லாரியின் டிரைவர், கைகால் கழுவிவிட்டு வந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். நபோர் என்று பெயர். தோமித்திலா அப்படித்தான் கூப்பிட்டாள். உட்காருவதற்கு முன், வழக்கப்படி, "நல்லாச் சாப்பிடுங்க" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். எல்லோரும் நன்றி சொன்னார்கள். அவருக்கும் விலா வந்தது. ஒரு வாய் சாப்பிட்டார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ஆஞ்சோ மிளகாய்" என்றார் பொதுவாக. "தோமித்திலா கைக்கு ஆஞ்சோதான். எதுல போட்டாலும் அதான். அண்ணன் தட்டுல இருக்கறதும் அதான்."

அபுந்தியோ ரொட்டியை மெல்வதை நிறுத்தினார். எர்லிந்தா தட்டிலிருப்பது ஆஞ்சோ, சரி. பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அவர் தட்டில் ஆஞ்சோவா? நிறத்தைப் பார்க்க வேண்டாமா? லாரி ஓட்டுகிறவன் லாரியோடு நிற்க வேண்டாமா?

பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார்.

"கிழவா, அவர் சொல்றது சரியா?" எர்லிந்தா விலா எலும்பிலிருந்து கறியைப் பிரித்தபடி, யாரோ வானிலை கேட்பது போலக் கேட்டாள்.

"எது?"

"உன் தட்டுல ஆஞ்சோன்னு சொல்றாரே."

"என் தட்டுல தக்காளி."

"தக்காளியா?" என்றார் நபோர். "அண்ணே, எனக்கு வயசு நாற்பத்தாறு. ஆஞ்சோ எனக்குத் தெரியாதா? அது ஆஞ்சோதான். யாரை வேணும்னாலும் கேளுங்க."

முப்பத்தோரு வருஷக் கடையைக் கட்டிக் காப்பவனிடம், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்கிறான். அபுந்தியோ செம்பருத்தித் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். கிளாசை வைத்தார்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். இதுல மிளகாய் இருக்குன்னு நான் சொல்லல. இருந்தா, ஒரு பேச்சுக்கு, இருந்தா, அது ஆஞ்சோ இல்ல."

"பின்ன?" என்றாள் எர்லிந்தா.

"குவாஹியோ."

"அப்படியா."

"விதை எடுத்தது. நாலு. கல்லுல வாட்டியிருக்காங்க, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலா. கூடவே ஆர்போல் ஒண்ணு. அது குச்சி மிளகாய், விதையோட போட்டிருக்கு. அடித்தொண்டையில கிறுகிறுங்குதே, அது அந்த ஒண்ணோட வேலை."

நபோர் வாயைப் பிளந்தார். "எண்ணிக்கையே சொல்றீங்களே அண்ணே."

"எந்த ஊர்னும் சொல்லுவேன்."

"எந்த ஊர்?"

"சக்காத்தேக்காஸ் பக்கம். போன வருஷ விளைச்சல். மழை கொஞ்சம் தப்பிப் பெய்ஞ்ச வருஷம்."

"தெய்வமே" என்றார் நபோர். அவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அபுந்தியோவுக்கு உள்ளுக்குள் எல்லாம் நிறைந்துவிட்டது. எண்பத்தேழு நாள் செருப்புக்காரனின் வாயை நம்பிப் பிழைத்தவனுக்கு இது கிடைக்கக்கூடாதா என்ன.

"அப்ப உனக்கு நிச்சயமாத் தெரியுது. இது மிளகாய்தான்" என்றாள் எர்லிந்தா.

"பெத்த அப்பனைத் தெரியற மாதிரி."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

எர்லிந்தா கோபப்படவில்லை. ஒரு காகிதத் துண்டை எடுத்து அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள். "அதனால என்ன. இதுவரைக்கும் தெரியாமத்தானே தின்ன. அந்தம்மாவும் காரமில்லன்னுதானே சொன்னாங்க. தெரியாமத் தின்னது சேர்த்தியில்லன்னு சாமியாரே சொல்லியிருக்காரு."

அபுந்தியோவுக்கு மூச்சு வந்தது. "அதேதான் எர்லிந்தா. அதேதான் நானும் நினைச்சேன்."

"இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. தட்டைத் தள்ளி வெச்சுடு. நாளைக்கு வெள்ளி, அப்புறம் சனி. ஞாயித்துக்கிழமை ஊரே பார்க்க மோலே சாப்பிடு."

தட்டில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. தொடையின் அடிப்பக்கம், குழம்பு அதிகமாக ஊறிய பக்கம். அபுந்தியோ அதைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையையும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று நாள் தள்ளி இருந்தது, தட்டு ஆறு அங்குலத்தில் இருந்தது.

"வீணாக்கறது பாவம்" என்றார்.

"நான் சாப்பிட்டுக்கறேன்."

"உனக்கு எச்சில் ஆகாது."

"முப்பத்திமூணு வருஷமா ஆகுதே."

"தெரியாம ஆரம்பிச்சதைத் தெரியாமலேயே முடிச்சுடறதுதான் முறை" என்றார் அபுந்தியோ. இதில் உள்ள நியாயம் அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை, ஆனால் சொல்லி முடிப்பதற்குள் ரொட்டி குழம்புக்குள் போய்விட்டது. எர்லிந்தா அதற்குமேல் தடுக்கவில்லை. ஒருமுறை "கிழவா" என்றாள். இன்னொரு முறை "யோசிச்சுக்கோ" என்றாள். அவர் எலும்பைச் சுத்தம் செய்தார். கடைசி ரொட்டியால் தட்டை ஒரு சுற்றுத் துடைத்து, அதையும் வாயில் போட்டுக்கொண்டார். துடைத்த தட்டில் பூப்படம் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"நல்லா இருந்துச்சா?"

"ஆயுசுல இப்படி ஒரு குவாஹியோக் குழம்பு சாப்பிட்டதில்ல" என்றார் அபுந்தியோ. உண்மையான உணர்ச்சியோடு சொன்னார்.

"அக்கா" என்று திரைப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள் எர்லிந்தா. "கொஞ்சம் வர்றீங்களா? இவர் தட்டுல என்ன போட்டீங்கன்னு சொல்லுங்க. மறைக்காம."

தோமித்திலா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நான் எதை மறைச்சேன்? பீட்ரூட்டு. ரெண்டு தக்காளி. பூண்டு. பட்டை, கிராம்பு, கொஞ்சம் மிளகு, ஒரு சொட்டு வினிகர். எள்ளு."

"மிளகாய்?" என்றார் நபோர்.

"என் பொண்ணு பிள்ளை பெத்துப் பதினெட்டு நாள் ஆகுது. நாற்பது நாள் வரைக்கும் பச்சை உடம்புக்காரிக்கு மிளகாய் குடுப்பாங்களா யாராவது? அவளுக்கு வெச்ச பத்தியக் குழம்புதான் அது. உங்க வீட்டம்மா அடுப்படியில நின்னுகிட்டிருந்தாங்க. தம்பி இங்க ரகசியம் பேசினது திரைக்கு அந்தப் பக்கம் நல்லாவே கேட்டுச்சு. அந்தச் சட்டியில ஒரு கரண்டி குடுங்கன்னாங்க. குடுத்தேன்."

நபோர் அபுந்தியோவைப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் பார்த்த பார்வை இல்லை அது.

"நாலு குவாஹியோ" என்றார் மெதுவாக.

"விதை எடுத்தது" என்றாள் எர்லிந்தா.

"ஆர்போல் ஒண்ணு."

"விதையோட."

அபுந்தியோவின் முகம் தட்டில் முன்பு இருந்த குழம்பின் நிறத்துக்கு வந்தது. சந்தை முழுக்க இது பரவினால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தார். இந்தப் பாதை லாரிகளெல்லாம் தினமும் சந்தை வழியாகத்தான் போகும். அடுத்த கணம் அவர் முகம் தெளிந்துவிட்டது. வியாபாரி மூளை, எந்த நஷ்டத்திலும் ஒரு மூலையில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்காமல் இருக்காது.

"அப்படின்னா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார், "நான் மிளகாயே தின்னல."

"தின்னல" என்றாள் எர்லிந்தா.

"ஒரு துளிகூட இல்ல. பீட்ரூட்டுதான் தின்னிருக்கேன். சத்தியம் முழுசா இருக்கு. இன்னிக்கு எண்பத்தெட்டு. ஞாயித்துக்கிழமை மோலே."

"இரு. தெரியாம மிளகாய் தின்னா சத்தியம் போகாது. ஏன்?"

"மாதா பார்க்கிறது மனசை."

"அப்ப மிளகாய்னு தெரிஞ்சுகிட்டே தின்னா?"

"ஆனா அது மிளகாய் இல்லியே."

"அது சட்டியோட சமாச்சாரம். மாதா எதைப் பார்க்கிறா, சட்டியையா?"

அபுந்தியோ உதவிக்கு நபோரைப் பார்த்தார். நபோர் நேர்மையான மனிதர். ரொட்டியை வைத்துவிட்டு யோசித்தார். "அம்மா சொல்றதுதான் சரின்னு படுதுண்ணே. நீங்க பெத்த அப்பன்னு வேற சொல்லிட்டீங்க."

"நான் தள்ளி வைன்னு சொன்னேன் அக்கா" என்றாள் எர்லிந்தா தோமித்திலாவிடம். "ரெண்டு தரம் சொன்னேன். தள்ளி வெச்சிருந்தா நான் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். ஞாயித்துக்கிழமை நானே பரிமாறியிருப்பேன்."

அது பொய்யில்லை. அவளுக்கும் அந்த மோலேயை அவர் சாப்பிட்டுத் தலையாட்டுவதைப் பார்க்க ஆசை இருந்தது. எண்பத்தேழு நாள் பூசணிக்காயை வேகவைத்தது அவள்தானே. சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

அபுந்தியோவுக்கு இன்னும் ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. அந்த வழியில் போனால் முப்பத்தோரு வருஷம் போய்விடும். போகாவிட்டால் மோலே போய்விடும். அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"எர்லிந்தா. இவங்க ரெண்டு பேரும் சாட்சி. எனக்கு மிளகாயைப் பத்தி ஒண்ணுமே தெரியாது."

"என்னது?"

"ஒண்ணும் தெரியாது. பேர் தெரியாது, ஊர் தெரியாது. இத்தனை வருஷமா வாய்க்கு வந்ததைச் சொல்லி வித்துகிட்டிருக்கேன். அதனால இது மிளகாய்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல. இன்னிக்கும் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன்."

நபோர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மனிதன் தன் கடைப் பலகையைத் தானே கழற்றுவதை நேரில் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது.

எர்லிந்தா அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். "அது எனக்கு முப்பத்தோரு வருஷமாத் தெரியும் கிழவா. நீ ஒத்துகிட்டது சந்தோஷம். ஆனா தெரியுமோ தெரியாதோ, மிளகாய்னு நம்பித்தானே தட்டைத் துடைச்ச?"

அபுந்தியோ இப்போது தட்டைத் தள்ளி வைத்தார்.

தோமித்திலா காலித் தட்டை எடுத்துக்கொண்டாள். நல்ல மனசுக்காரி. துடைத்து வைத்த தட்டைப் பார்த்ததும் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது.

"மனசை விட்டுடாதீங்க தம்பி. பத்தியம்கிறது ஓடிப் போயிடும். என் பொண்ணும் தினம் அழுதுகிட்டேதான் திங்கறா. அவளுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் பாக்கி."

பிறகு எர்லிந்தாவைப் பார்த்துக் கேட்டாள். "இவருக்கு?"

"இவருக்குத் தொண்ணூறு" என்றாள் எர்லிந்தா.